விளக்குப் போட்ட பிறகு

சினிமாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இடைவேளைதான். சொன்னால் சிரிக்கிறார்கள். படகு கவிழ்ந்துவிட்டது, குழந்தையைக் காணவில்லை, வில்லன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிவிட்டான், சட்டென்று விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். முறுக்கு விற்கிறவன் வந்துவிடுகிறான். அந்தப் பத்து நிமிஷம் கதை யாருக்கும் சொந்தமில்லை. பக்கத்தில் இருப்பவள் ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன், முன்னால் இருக்கிற ஆள் திரும்பிப் பார்த்து இரண்டும் இல்லை என்பார்.

இப்போது எங்கள் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் கைபேசியில் படம் பார்க்கிறாள். தோன்றிய இடத்தில் நிறுத்துகிறாள், நாலு நாள் கழித்துத் தொடர்கிறாள், பல சமயம் தொடர்வதே இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், "தெரியல டீச்சர், போரடிச்சுது" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பெண்ணை நடுத்தெருவில் மழையில் நிற்க வைத்துவிட்டுத் தூங்கப் போக எப்படித்தான் மனசு வருகிறதோ. எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு அது வரவே வராது. அவளைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

பெயரை எழுதப்போவதில்லை. கொல்லிமலையில் அவளுக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், எல்லோரும் படித்தவர்கள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த மலையில், அரியூர் நாடு என்று சொல்லப்படும் ஊர்த்தொகுப்பில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் எனக்கு வேலை போட்டார்கள். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரம் வரை பஸ், அப்புறம் காலே துணை. நான் சேலத்துக்காரி. வாரம் ஒரு படம் பார்க்காவிட்டால் தலைவலி வரும். மலை மேல் கரண்டு இல்லை, கொட்டகை இல்லை என்று தெரிந்ததும் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். நாலு சேலையும், சேர்த்து வைத்திருந்த சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் அத்தனையும் டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பெட்டியை அடிவாரத்திலிருந்து தலையில் சுமந்து வந்தவள்தான் அக்கா. பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "டீச்சரம்மா, உள்ள என்னங்க வெச்சிருக்கீங்க, கல்லா?" என்று கேட்டாள். சினிமாப் பாட்டுப் புத்தகம் என்றேன். மூன்று மணி நேரம் சுமந்த களைப்பெல்லாம் அவள் முகத்திலிருந்து போய்விட்டது. அவளும் படம் பார்க்கிறவள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஊரில் படம் பார்த்தவள் அவள் ஒருத்திதான். சந்தை நாளில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பலாப்பழம், மலைவாழை, மிளகு என்று சுமந்துகொண்டு சேந்தமங்கலத்துக்கு இறங்குவார்கள். மற்றவர்கள் உச்சிப்பொழுதுக்குள் விற்றுவிட்டு உப்பு, மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு புளியமரத்தடியில் படுத்துக்கொள்வார்கள். அக்கா மட்டும் கூடையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தகரக் கொட்டகைக்குப் போய்விடுவாள். சந்தை நாளில் மட்டும் கதவுகளுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பகல் ஆட்டம் போடுவார்கள். சாயங்கால பஸ்ஸுக்குச் சரியாக அவள் வந்துவிடுவாள். இருட்டுவதற்குள் முக்கால் மலையாவது ஏறியாக வேண்டும், கரடி நடமாட்டம் உண்டு.

மறுநாள் காலையில் கதை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை, அதில் வரிசையாக உரல்குழிகள். ஊர்ப் பெண்கள் அங்கேதான் சாமை குத்துவார்கள். சாமையை இரண்டு தடவை குத்த வேண்டும். முதல் குத்தில் உமி கழலும். முறத்தில் போட்டுப் புடைத்துவிட்டு மறுபடி குத்தினால்தான் அரிசி வெளுப்பாகும். அக்காவின் கதையும் அதே மாதிரிதான் நடக்கும். முதல் குத்து முழுக்க, பார்த்ததைப் பார்த்தபடி சொல்வாள். மாமியார் குரல் தனி, வில்லன் குரல் தனி. புடைக்கும்போது வாயே திறக்க மாட்டாள். யாரும் கேட்கவும் மாட்டார்கள். முறத்துச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் உலக்கையை எடுத்து இரண்டாம் தடவை குத்த ஆரம்பித்ததும் மீதிக் கதை வரும்.

அந்த மீதிக் கதையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் சொன்னவற்றில் சில படங்களை நான் சேலத்தில் பார்த்திருந்தேன். முதல் பாதி அச்சு அசல். நகை எந்தப் பெட்டியில் இருந்தது என்பதுகூடத் தப்பாது. இரண்டாம் பாதி எங்கேயோ போய்விடும். நான் இரண்டு கைக்குட்டை நனைய அழுத படத்தில் தூக்குமேடை ஏறின கதாநாயகனை அவள் இறக்கிக் கூட்டி வந்து, தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்து, இரண்டு பிள்ளைகளும் கொடுத்துவிட்டாள். அவள் கதையில் யாரும் சாக மாட்டார்கள். தொலைந்த குழந்தை ஏதாவது ஒரு சந்தையில் தாயின் முந்தானையைப் பிடித்து இழுக்கும். வில்லனைக்கூட வயிறாரச் சாப்பிட வைத்துத்தான் ஊரை விட்டு அனுப்புவாள். இந்த அம்மாள் நன்றாகக் கயிறு திரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆசிரியை அல்லவா, கை சிவப்பு மையைத் தேடியது.

சினிமா என்று மட்டுமில்லை. எது பாதியில் நின்றாலும் அவள் முடித்துவிடுவாள். ஒரு தடவை வெல்லம் கட்டி வந்த செய்தித்தாள் துண்டைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். ஆற்றுப் பாலத்தில் லாரி கவிழ்ந்தது, டிரைவர் என்ற இடத்தோடு தாள் கிழிந்திருந்தது. அவ்வளவுதான் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எகிறிக் குதிச்சிருப்பான் டீச்சர். எடது காலு மட்டும் சுளுக்கு" என்றாள். அடுத்த வாரம் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே, அந்த டிரைவர் நடக்க ஆரம்பித்துவிட்டான், ஆனால் லாரி ஓட்ட இன்னும் ஒரு மாசம் ஆகும் என்று எனக்குத் தகவல் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அந்த டிரைவர் எப்படி இருக்கிறான் என்று எனக்கும் அந்த வாரம் முழுக்கக் கவலையாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு கதையை மட்டும் முடிக்காமல் வைத்திருந்தாள். அவள் புருஷன் கதை. ஒரு மேஸ்திரியோடு அணைக்கட்டு வேலைக்குப் போனவன். யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் இரண்டு வந்தது, அப்புறம் இல்லை. நாலு வருஷம். பிள்ளையும் இல்லை. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இப்படித் தனியாக விடப்பட்ட பெண்ணை வருஷா வருஷம் நோம்பித் திருவிழாவுக்கு முன்னால் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார், காத்திருக்கிறாயா என்று. ஆமாம் என்றால் அந்த வருஷமும் அவள் காட்டை ஊரே உழுது கொடுக்கும். இல்லை என்றால் தாலியைப் புருஷன் வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் விருப்பப்படி வேறு ஒருவனைக் கட்டிக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எங்கள் சேலத்துப் பக்கம் இந்த நாகரிகம் அப்போது இல்லை.

நாலு வருஷமும் அக்கா சொன்ன பதில் ஒன்றுதான்: "வருவாங்க." முகம் தெரியாத லாரி டிரைவருக்கு எந்தக் கால் சுளுக்கு என்று சொல்லத் தெரிந்தவள், சொந்தப் புருஷன் எப்படி வருவான், எந்தப் பாதையில் வருவான், என்ன கொண்டு வருவான் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்ற ஆலத்தூர் நாட்டிலிருந்து ஓர் ஆள் வந்தார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். நாலு நாளில் முடிய வேண்டிய வேலை பத்து நாள் இழுத்தது. எனக்குக் கோபம். பிள்ளைகளை மரத்தடியில் வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை பாறையில் அக்கா ஒரு கதையை முடித்து உலக்கையைச் சாய்த்து வைத்தாள். எல்லோரும் அரிசியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கூரை மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த மாடு என்னாச்சுங்க?"

நிமிர்ந்து பார்த்தோம். அவர் கீற்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் கேட்டார். கதையின் தொடக்கத்தில் கதாநாயகியின் அப்பா கடனுக்காக ஒரு மாட்டை விற்றுவிடுவார். அக்கா கதாநாயகி, தம்பி, வில்லன் எல்லோரையும் கரை சேர்த்துவிட்டு மாட்டை மறந்துவிட்டாள். அவளை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. முகம் சிவந்துவிட்டது. மறுநாள் கதை இல்லாத நாள். ஆனாலும் உலக்கையைப் போட்டுக்கொண்டே யாருக்கோ சொல்வது போல, அந்த மாடு வாங்கினவன் வீட்டுக் கட்டை அவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டது, இப்போது சினையாக இருக்கிறது என்று சொன்னாள். அன்றைக்குக் கூரை வேலை முடிந்துவிட்டது. பத்து நாள் ஏன் ஆயிற்று என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மரமண்டை.

அவர் தன் ஊருக்குப் போய், அக்காவைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று முறையாக எங்கள் ஊர்க்கவுண்டருக்குச் சொல்லி அனுப்பினார். நோம்பிக்கு இரண்டு மாசம் இருந்தது. இந்தத் தடவை ஊர் கேட்கும்போது அவள் வெறுமனே "வருவாங்க" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காத்திருக்கப் போகிறாளா, புது வாழ்வு கட்டப் போகிறாளா என்று இரண்டில் ஒன்று சொல்லியாக வேண்டும். மறுபடி "வருவாங்க" என்றால் அவர் இன்னொரு வருஷம் காத்திருக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா கண்டுகொள்ளாதவள் போல இருந்தாள். ஆனால் அந்த இரண்டு மாசத்தில் இளைத்துப்போனாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் அவளுடைய மூங்கில் குழாயைப் பார்த்தேன். அவள் வீட்டுக்குக் கடுகு கேட்கப் போயிருந்தேன். கூரைச் சந்தில் செருகியிருந்த குழாயை எடுத்து, படம் பார்த்த நினைவாகச் சேர்த்தது என்று பெருமையோடு கொட்டிக் காட்டினாள். சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள், கொட்டகை முத்திரையோடு. "படம் முடிஞ்சு வெளிய வாரப்ப வாசல்ல குடுப்பாங்க டீச்சர். நெனப்புக்கு." ஒன்றை எடுத்துப் படித்தேன். இடைவேளை. இதைக் காட்டி மீண்டும் உள்ளே வரவும்.

எல்லாம் விளங்கிவிட்டது. பாதிப் படத்தில் விளக்கு எரிந்திருக்கிறது. திரையில் இடைவேளை என்று எழுத்து வந்திருக்கிறது, அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஜனங்கள் எழுந்து டீக்கடைக்குப் போயிருக்கிறார்கள். இவளும் எழுந்து, வாசலில் கொடுத்த அட்டையை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாள். பகல் ஆட்டம் முழுக்கப் பார்த்தால் சாயங்கால பஸ் கிடைக்காது என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, ஏனென்றால் ஒரு படம் எவ்வளவு நேரம் ஓடும் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அவள் கயிறு திரிக்கவில்லை. சினிமா என்றால் பாதியில்தான் நிற்கும், மீதியை வீட்டுக்குப் போய் நாம்தான் முடிக்க வேண்டும் என்று அவள் மனதார நம்பினாள். என் பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் படித்துக் காட்டும்போதெல்லாம், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். அக்கா அதைக் கேட்டுத் தலையாட்டுவாள். "பாத்தீங்களா, உங்க பொஸ்தகமும் பாதியிலதான் நிறுத்துது."

வாய் வரைக்கும் வந்துவிட்டது, சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. தப்பைத் திருத்தாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. நேரில் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். எனக்கும் ஒரு படம் பார்த்த மாதிரி ஆயிற்று, அதையும் மறைப்பானேன். பரீட்சை லீவின் கடைசியில் வந்த சந்தை நாளன்று அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். சேந்தமங்கலத்தில் என்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்த தோழி இருந்தாள். அவள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் மலையேறலாம் என்று சொல்லிவைத்திருந்தேன்.

என்ன படம் என்றுகூட விசாரிக்காமல் போனது என் புத்தி. புருஷன் கப்பலேறிச் சம்பாதிக்கப் போகிறான். கடிதம் வருகிறது, அப்புறம் நின்றுபோகிறது. மாமியார் மருமகளைக் கைக்குழந்தையோடு மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். பக்கத்தில் பார்த்தேன். அக்கா இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு எரிந்தது. அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். நான் கையைப் பிடித்து உட்காரச் சொன்னேன்.

"தீந்துபோச்சு டீச்சர். வெளக்குப் போட்டுட்டாங்க பாருங்க."

"இல்லீங்க அக்கா. இன்னும் பாதி இருக்குது."

நான் தமாஷ் செய்கிறேன் என்று சிரித்தாள். ஜனங்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்காரத் தொடங்கினார்கள். அவள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப எல்லாப் படத்துக்குமே மீதி இருந்துச்சுங்களா?"

இருந்தது என்றேன். மறுபடி விளக்கை அணைத்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டாம் பாதியை நான் பார்த்ததில்லை. கதாநாயகி காத்திருக்கிறாள். பன்னிரண்டு வருஷம். நல்லவன் ஒருவன் கை கொடுக்க வருகிறான், அவனைத் திருப்பி அனுப்புகிறாள். இருமுகிறாள். கடைசியில் புருஷன் கோட்டு சூட்டோடு வந்து இறங்க, அவன் மடியில் தலை வைத்துச் செத்துப்போகிறாள். அவன் ஒரு பாட்டுப் பாடுகிறான். கொட்டகையே தேம்பியது. பழக்க தோஷம், நானும் தேம்பினேன். அக்கா கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரு கடுதாசி போடறதுக்கு அவனுக்கு என்னங்க கேடு?"

தோழி வீட்டில் அவள் சாப்பிடவில்லை. மறுநாள் மலையேறும்போது முன்னால் நடந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஊர் கேட்கப்போகிற கேள்வி தலைக்கு மேலே இருக்கும்போது, காத்திருப்பதுதான் பெண்ணுக்கு அழகு, செத்தாலும் காத்திருக்க வேண்டும் என்று கூட்டிப்போய்ப் பாடம் நடத்திவிட்டேன். அதைவிடப் பெரிய பாவம் வேறு இருந்தது. அவள் முடித்து வைத்த கதைகள் அத்தனையும் தப்பு என்று ஒரே சாயங்காலத்தில் காட்டிவிட்டேன். இனி அவள் கதை சொல்ல மாட்டாள் என்று நிச்சயமாகத் தோன்றியது. பாதி மலையில் சுமைதாங்கிக் கல் ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கோபமாக இல்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர். நானே இத்தன நாளும் எந்திரிச்சு எந்திரிச்சு வந்துட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை பாறையில் வழக்கத்தைவிடக் கூட்டம். டீச்சரே கூடப் போய்ப் பார்த்த படம் அல்லவா. ஊர்க்கவுண்டரின் மனைவிகூட உலக்கையோடு வந்திருந்தார். எனக்கு வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதக் கொடுத்துவிட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். அக்கா முதல் குத்தில் கப்பலேறிய புருஷனையும் நின்றுபோன கடிதத்தையும் மழையையும் சொன்னாள். யாருக்கும் உலக்கை ஓடவில்லை. இது யார் கதை என்று எல்லோருக்கும் தெரிந்தது. கதவைச் சாத்தியதோடு நிறுத்தி முறத்தை எடுத்தாள். அன்றைக்கு அவள் புடைத்த மாதிரி நிதானமாக யாரும் புடைத்து நான் பார்த்ததில்லை. கல் ஒன்று விடாமல் பொறுக்கினாள்.

பிறகு உலக்கையை எடுத்தாள். அந்தப் பெண் மழையில் கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் நடந்தாள் என்று ஆரம்பித்தாள். ஒரு காட்டைத் திருத்தினாள், சாமை விதைத்தாள். வழியில் ஒரு மாடு கிடைத்தது. கூரை ஒழுகியது, வேய வந்த ஆள் நல்ல மாதிரி. பேச மாட்டான், ஆனால் சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்வான். அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். மாடு கன்று போட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பழைய புருஷன் கோட்டு சூட்டோடு வந்தான். வாசலில் நின்றவனை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

உலக்கைகள் நின்றிருந்தன. ஊர்க்கவுண்டரின் மனைவி உலக்கையை இறக்கி வைத்தார். அப்புறம் கேட்டார்.

"படத்துல அப்பிடித்தான் வருதா கண்ணு?"

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள். "டீச்சரம்மாளுந்தான் கடைசி வரைக்கும் பாத்தாங்க. கேட்டுக்குங்க."

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை முட்டி போட வைக்கிறவள் நான். அன்று காலையில்கூட ஒருவனை வைத்திருந்தேன், உள்ளே முட்டி போட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"ஆமாங்க," என்றேன். "அப்படித்தான் முடியுது. நல்ல படம்."

நேராக உள்ளே போய் அந்தப் பையனை எழுந்து உட்காரச் சொன்னேன். மனசு லேசாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் அதற்கு முன்னும் பின்னும் பொய் சொன்னதில்லை.

நோம்பிக்கு முன்னால் ஊர்க்கவுண்டர் கேட்டார். அக்கா, "இல்லீங்க, காத்திருக்கலீங்க" என்று சொன்னாள். தாலியை மஞ்சள் துணியில் முடிந்து பழைய புருஷனின் அண்ணன் வீட்டில் கொடுத்தாள். அந்த அண்ணனே கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினார். ஆலத்தூர் நாட்டுக்காரர் இங்கேயே வந்து தங்கிவிட்டார். அடுத்த சந்தை நாளுக்கு இருவரும் சேர்ந்துதான் இறங்கினார்கள், சேர்ந்துதான் படம் பார்த்தார்கள். இனி முழுப் படமும் பார்ப்பாள், அவள் கதைகள் என்ன ஆகுமோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. மறுநாள் விசாரித்தேன். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டார்களாம். பஸ் போய்விடும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவர் சொன்னார், அவர் பேசி நான் கேட்டதிலேயே மிக நீளமான வாக்கியம் அதுதான்: "மீதிய அவங்க சொன்னா நல்லாருக்குதுங்க."

அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒரு பிற்பகலில் பள்ளிக்கூடத்து வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். கையில் கடிகாரம், காலில் பூட்ஸ். கோட்டு சூட்டு இல்லை. அக்கா பெயரைச் சொல்லி, அவள் வீடு எங்கே என்று கேட்டான். யார் என்று அவன் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவனோடு நடந்தேன். கதை சொல்வது வேறு, அந்த ஆளே வந்து நிற்பது வேறு.

அக்கா வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை. அவனைப் பார்த்தாள். கை ஒரு தடவை நின்றது, அவ்வளவுதான். "வாங்க" என்றாள். வீட்டுக்காரர் கொட்டிலிலிருந்து வந்தவர், ஆளைப் புரிந்துகொண்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவள் கதையில் சொன்ன மோர் அன்றைக்கு இல்லை, மாட்டுக்குப் பால் வற்றியிருந்தது. களியும் மொச்சைக் குழம்பும் போட்டாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். கேட்காமலே இன்னொரு உருண்டை வைத்தாள். கை கழுவும்போது அவன் மெல்லிய குரலில், நான் வருவேன்னு உனக்குத் தோணவே இல்லையா என்று கேட்டான்.

"நாலு வருசம் அது மட்டுந்தான் தோணுச்சுங்க" என்றாள் அக்கா.

பூட்ஸை மாட்டிக்கொண்டான். அவள் மொச்சைத் தோலை முறத்தில் அள்ளிப்போட்டுக்கொண்டே மேற்கே வெயிலைப் பார்த்தாள்.

"இருட்டறதுக்குள்ள எறங்கிருங்க. கரடி திரியுது, பாத்துப் போங்க."